வியூஃபைண்டரில் தெரியும் பிளரும் வளவுத் தரையில் கிடக்கும் அளவுகோலும்

50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் மாட்டி, செட்டிநாட்டு வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) தூணோரம் ஒருவரை நிறுத்தி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே பாருங்கள். அவருக்குப் பின்னால் இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கதவு மங்கித் தெரியும். இவ்வளவு பிளர் போதும் என்று ஷட்டரை அழுத்தினால், படத்தில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிளர் வந்து நிற்கும். கதவின் வேலைப்பாடு போயே போய்விடும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுவரை எட்டாது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளையான அப்பர்ச்சர் அகலும், பிளர் என்ற மங்கலும் கூடும். வியூஃபைண்டர் எஃப்/1.4-ஐக் காட்டவே இல்லை. அது காட்டியது எஃப்/2.8 அளவு பிளரை.

காரணம் ஃபோகஸிங் ஸ்கிரீன். லென்ஸ் வழியே வரும் ஒளி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே ஏறி, இந்தத் தகட்டில் பிம்பமாக விழுகிறது. அதைத்தான் பிரிசம் வழியாகப் பார்க்கிறோம். பழைய மேனுவல் கேமராக்களில் இது சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி. ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால், லென்ஸின் விளிம்பு வழியே வந்த கதிரிலும் ஒரு பங்கு கண்ணுக்கு வந்துவிடும். பிம்பம் கொஞ்சம் இருட்டாக இருக்கும், ஆனால் பிளரை மறைக்காது. ஆட்டோஃபோகஸும் எஃப்/3.5-5.6 ஜூம்களும் பெருகிய பிறகு இருட்டான ஃபைண்டரை யாரும் விரும்பவில்லை. நுண்ணிய லென்ஸ்கள் பொறித்த வெளிச்சமான ஸ்கிரீன்கள் வந்தன. இவை ஒளியை அதிகம் சிதறவிடாமல் கண் பக்கமாகவே அனுப்பும். அப்படி அனுப்பும்போது லென்ஸின் விளிம்பிலிருந்து சாய்வாக வரும் கதிர் விடுபட்டுப்போகிறது. லென்ஸின் நடுப்பகுதி வழியாக மட்டும் பார்ப்பதும் அப்பர்ச்சரை மூடிவைத்துப் பார்ப்பதும் ஒன்றுதான். அதனால்தான் ஃபைண்டரில் டெப்த், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, கூடுதலாகத் தெரிகிறது.

உங்கள் ஸ்கிரீனின் எல்லை எந்த எண் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். எஃப்/1.4 அல்லது எஃப்/1.8 லென்ஸ் வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு மீட்டருக்குள் எதிலாவது ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தெருமுனையில் எரியும் பல்பு ஃபைண்டரில் வட்டமாக விரிந்து தெரியும். நீங்கள் வைத்த எண்ணுக்கு அப்பர்ச்சரை மூடிக் காட்டும் டெப்த் பிரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி எஃப்/1.4, 1.6, 1.8, 2, 2.2 என்று ஒவ்வொரு கிளிக்காகச் சுழற்றுங்கள். முதல் சில கிளிக்குகளுக்கு வட்டம் சுருங்காது, வெளிச்சமும் குறையாது. எந்த எண்ணில் சுருங்கத் தொடங்குகிறதோ அதுதான் எல்லை. பெரும்பாலும் எஃப்/2.5-க்கும் எஃப்/2.8-க்கும் நடுவில் இருக்கும். அதற்கும் அகலமான எந்த அப்பர்ச்சரிலும் உங்கள் ஃபைண்டர் காட்டும் பிளரை நம்பாதீர்கள். மேனுவல் ஃபோகஸையும் நம்பாதீர்கள். ஃபைண்டரில் மூக்கும் கண்ணும் சேர்ந்தே தெளிவாக இருந்தால், நீங்கள் எதில் ஃபோகஸ் வைத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

சில கேமராக்களில் ஸ்கிரீனை மாற்றலாம். கேனான் 5டி-க்கு இ-இ-எஸ், 5டி மார்க் II-க்கு இ-ஜி-எஸ் என்று அகல லென்ஸ்களுக்கான தகடுகள் இருந்தன. மாற்றினால் மெனுவிலும் ஸ்கிரீன் வகையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தவறும். எஃப்/5.6 ஜூமை மாட்டினால் ஃபைண்டர் இருட்டாகும். கேமராவோடு வரும் கிட் லென்ஸிலேயே பாதி நாள் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண்.

எல்லையைத் தாண்டி மூடும்போது, அதாவது எஃப்/4, 5.6, 8-இல், ஸ்கிரீன் ஓரளவு உண்மையே பேசும். ஆனால் அந்த உண்மையைப் பார்க்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். எப்போதும் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தே காட்டும். படம் பிடிக்கும் கணத்தில்தான் மூடும். நீங்கள் எஃப்/8 வைத்திருந்தாலும் ஃபைண்டருக்கு அது தெரியாது. பிரிவியூ பொத்தான் கேனானில் பெரும்பாலும் லென்ஸ் மவுண்டின் அடிப்பக்கம் இருக்கும். நிக்கானின் டி7000 வரிசையில் மவுண்டுக்குப் பக்கத்தில் முன்புறம். டி3500, டி5600 போன்ற ஆரம்பநிலை நிக்கான்களில் அது கிடையாது. பழைய பென்டாக்ஸ் கே1000-இலும் இல்லை. கே1000 வைத்திருப்பவர்கள் லென்ஸ் பூட்டை விடுவித்து லென்ஸைச் சற்றே திருப்பினால் அப்பர்ச்சர் மூடிக்கொள்ளும். பார்த்த பிறகு மறக்காமல் திரும்பப் பூட்ட வேண்டும்.

பிரிவியூவை அழுத்தியதும் பலர் கையை எடுத்துவிடுவதற்குக் காரணம் இருட்டு. எஃப்/1.8-இலிருந்து எஃப்/8-க்குப் போனால் வெளிச்சம் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகும். முற்றத்து வெயிலில் நின்றிருந்த கண்ணுக்கு அது வெறும் கறுப்பு. அரை நிமிடம் கண்ணை ஃபைண்டரிலேயே வைத்திருங்கள்; கையால் ஓரத்தை மூடிக்கொள்ளுங்கள். ஒரே தாவாக எஃப்/8-க்குப் போகாமல் பொத்தானைப் பிடித்தபடி ஒவ்வொரு ஸ்டாப்பாக (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) மூடினால், வெளிச்சக் குறைவைக் கண் மறந்து, பின்னணி இறுகிவருவதைக் கவனிக்கும். பார்க்க வேண்டிய இடம் முகமல்ல. பின்னணியில் பளிச்சென்று இருக்கிற சின்னப் புள்ளி: பித்தளைக் குமிழ், ஜன்னல் கம்பியின் மினுக்கம், இலை இடுக்கில் தெரியும் வானம். அந்தப் புள்ளியின் வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்பது இருட்டிலும் தெரியும். எஃப்/11-க்கு மேல் தகட்டின் மணல் மணலான பரப்புதான் முன்னே தெரியும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்பு, ஃபைண்டரை உங்கள் பார்வைக்குப் பொருத்தும் டையாப்டர் சக்கரத்தைச் சரிசெய்திருக்க வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, ஃபைண்டருக்குள் தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை சுழற்றுங்கள். காட்சியைப் பார்த்துச் சுழற்றினால் கண் தானே ஈடுகட்டிவிடும். சக்கரம் தப்பான இடத்தில் நின்றுவிடும்.

சாய்ந்த கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். எலக்ட்ரானிக் ஃபைண்டர் எஃப்/1.4-ஐ உண்மையாகவே காட்டும், சென்சார் பார்ப்பதைத்தான் காட்டுகிறது. சிக்கல் வேறு இரண்டு இடங்களில். முதலாவது, எந்த அப்பர்ச்சரில் பார்க்கிறீர்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளேயின் செட்டிங் எஃபெக்ட் ஆனில் இருந்தால், பொதுவாக நீங்கள் வைத்த அப்பர்ச்சரிலேயே காட்சி தெரியும். நிக்கான் இசட் வரிசை எஃப்/5.6 வரைதான் மூடிக் காட்டும். எஃப்/11 வைத்தாலும் நீங்கள் பார்ப்பது எஃப்/5.6-இன் டெப்த். கேனான் ஆர் வரிசை திறந்து வைத்தே காட்டும். ஆர்7, ஆர்6 மார்க் II போன்ற பிந்தைய உடல்களில் எக்ஸ்போஷரோடு டெப்த்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் தேர்வு மெனுவில் இருக்கிறது. உங்களுடையது எப்படி என்று தெரியாவிட்டால் கேமராவை ஆன் செய்து, லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தபடி டயலைச் சுழற்றுங்கள். இதழ்கள் மூடுவது கண்ணாலேயே தெரியும்.

இரண்டாவது, புள்ளிக் கணக்கு. 23.6 லட்சம் புள்ளி ஃபைண்டர் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு. உண்மையில் அது 1024×768 கட்டம். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரை 1024-ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 0.035 மி.மீ. டெப்த் கணக்குகளில், சென்சாரில் ஒரு புள்ளி விரியும் வட்டத்துக்கு "இதற்குள் இருந்தால் கூர்மை" என்று வைத்திருக்கிற எல்லை 0.03 மி.மீ. கூர்மைக்கும் மங்கலுக்கும் நடுவே உள்ள கோடு ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஃபைண்டரில் அது தெரிய வழியே இல்லை. 57.6 லட்சம் புள்ளி ஃபைண்டரில் கட்டம் 0.0225 மி.மீ. ஆகிறது, பரவாயில்லை, அவ்வளவுதான். ஆகவே டெப்த் எங்கே முடிகிறது என்று பார்க்க, 5 மடங்கோ 10 மடங்கோ பெரிதாக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பிக்சர் புரொஃபைலில் ஷார்ப்னஸைக் கூட்டி வைத்திருந்தால் அதுவும் ஏமாற்றும். ஃபைண்டருக்காகவாவது குறைத்து வையுங்கள்.

கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை, ஆத்தங்குடி (செட்டிநாட்டு வண்ணத் தரைக்கல்) தரையில் சோதித்தால் அதன் லட்சணம் தெரிந்துவிடும். வண்ணமும் வண்ணமும் முட்டிக்கொள்ளும் விளிம்புகள் கல்லுக்குக் கல் இருப்பதால், ஃபோகஸில் இல்லாத வரிசையும் பளிச்சென்று நிறம் பூசிக்கொள்ளும். பீக்கிங்கைக் குறைந்த அளவில் வையுங்கள்; சிவப்புக் கல் பதித்த தரையில் சிவப்பு நிறப் பீக்கிங் வேண்டாம், வெள்ளையோ மஞ்சளோ போடுங்கள்.

ஆனால் அதே தரைதான் நமக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல அளவுகோல். ஆத்தங்குடிக் கல் பெரும்பாலும் எட்டு அங்குலம் அல்லது பத்து அங்குலச் சதுரம். ஒரு கல்லை டேப்பால் அளந்துவிட்டால், தரை முழுக்கக் கோடு போட்டு வைத்த மாதிரிதான். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ், 2 மீட்டரில் ஃபோகஸ் என்று வையுங்கள். எஃப்/1.8-இல் தெளிவான பட்டை 1.92 மீட்டரிலிருந்து 2.09 மீட்டர்வரை: 17 செ.மீ., எட்டங்குலக் கல் ஒன்றுகூட இல்லை. எஃப்/8-இல் 1.69-இலிருந்து 2.46 வரை: 78 செ.மீ., கிட்டத்தட்ட நாலு கல். ஃபோகஸ் வைத்த கல்லுக்கு முன்னால் ஒன்றரைக் கல், பின்னால் இரண்டேகால் கல். "முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு" என்ற வாய்ப்பாடு இங்கே பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். தூரத்தைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். 85 மி.மீ. எஃப்/1.8 என்றால் அதே 2 மீட்டரில் மொத்தமே 6 செ.மீ. மாப்பிள்ளையும் பெண்ணும் அரைக் கல் முன்பின்னாக நின்றாலே ஒருவர் போய்விடுவார். இருவரின் கால் பெருவிரலும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். வியூஃபைண்டரைவிட அது சரியாகச் சொல்லும்.

தரையை அளவுகோலாக வைக்கும்போது மூன்று இடத்தில் தவறு வரும். கேமராவைக் கீழே சாய்த்துப் பார்த்தால் ஃபோகஸ் தளமும் சேர்ந்து சாயும். அதன் அடிப்பகுதி உங்கள் பக்கம் வந்துவிடும். முகத்தில் ஃபோகஸ் வைத்திருந்தாலும் தரையில் கூர்மையான வரிசை அவர் பாதத்துக்கு முன்னாலேயே விழும். பின்புற ஃபோகஸ் கோளாறோ முன்புறக் கோளாறோ என்று லென்ஸைச் சந்தேகிப்பதற்கு முன்பு கேமராவை மட்டமாகப் பிடித்துப் பாருங்கள். அடுத்தது, ஃபிரேமின் ஓரத்துக் கல்லை வைத்துத் தீர்ப்பு சொல்வது. பல லென்ஸ்களில் ஃபோகஸ் தளம் ஓரத்தில் வளைகிறது, நடுவரிசையை மட்டும் படியுங்கள்.

மூன்றாவது, பளபளப்பு. நாள்பட்டுத் தேய்ந்து மின்னும் கல்லில் தூணின் நிழலுருவம் தெரியும். அந்த உருவம் கல்லின் தூரத்தில் இல்லை. கேமராவிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து தூணுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் வரும் இடத்தில் இருக்கிறது. கல்லில் ஃபோகஸ் சரியாக இருக்க, பிரதிபலிப்பு மங்கியிருப்பது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சில் தெரியும் மினுக்கத்துக்கும் இதே கணக்கு. பட்டாலை எனும் கூடத்தில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளில் இது இன்னும் முக்கியம். கண்ணாடிக்கு ஒன்றரை மீட்டரில் நீங்கள், அரை மீட்டரில் பெண் என்றால், கண்ணாடிக்குள் தெரியும் முகம் 2 மீட்டரில் இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் கண்ணாடியின் சட்டத்தையோ ரசம் போன புள்ளியையோ பிடித்துவிட்டால் ஒன்றரை மீட்டரில் நின்றுவிடும். சட்டத்தின் சித்திர வேலையும் முகமும் சேர்ந்து வேண்டும் என்றால் 50 மி.மீ.-க்கு எஃப்/8 தேவைப்படும், ஃபோகஸை 1.7 மீட்டர் பக்கம் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது கூர்மை எங்கே முடிகிறது என்பதைப் பற்றி. பின்னணி எவ்வளவு கரையும் என்பது வேறு கேள்வி, அதற்கு ஃபைண்டரே தேவையில்லை. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது லென்ஸ் துளையின் விட்டம். 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் 28 மி.மீ.; எஃப்/5.6-இல் 9 மி.மீ.; 85 மி.மீ. எஃப்/1.8-க்கு 47 மி.மீ. இந்த விட்டத்தை, ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். பின்னணியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பெரிய வட்டமாக விரியும் என்பது அந்தப் பின்னணியின் சொந்த அளவிலேயே வந்துவிடும். சென்சார் அளவு இதில் வராது.

முகப்பிலிருந்து பின்கட்டுவரை நிலைக்குப் பின் நிலையாக நேர்கோட்டில் தெரியும் வீட்டில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஆள் 2.5 மீட்டரில். அவருக்கு 7.5 மீட்டர் பின்னால் அடுத்த நிலை. அதன் மேல் ஒரு சாண் அகலத்தில் கஜலட்சுமி. எஃப்/1.8-இல் 28-ஐ 7.5-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால் 84 மி.மீ. சாண் அகலச் சிற்பத்தின் மேல் 8 செ.மீ. வட்டங்கள் விழுந்தால் மிஞ்சுவது பழுப்புக் கறை. எஃப்/5.6-இல் வட்டம் 27 மி.மீ.; யானை இரண்டும் யானையாகத் தெரியும், உளியின் நுணுக்கம் தெரியாது. தோராயமாக, பொருள் வட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் கறை. எட்டு பத்து மடங்கு இருந்தால் அடையாளம் தெரியும்.

இதே சூத்திரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 85 மி.மீ.-ஐ மாட்டிக்கொண்டு, ஆள் அதே அளவில் தெரியும்படி 4.25 மீட்டருக்குப் பின்வாங்கினால், 47-ஐ 7.5-ஆல் பெருக்கி 4.25-ஆல் வகுக்க வருவது 83 மி.மீ. ஏறத்தாழ அதே வட்டம். நிலையில் எது அடையாளம் தெரியும், எது தெரியாது என்பது மாறவே இல்லை. பின்னணி பெரிதாகத் தெரிவதால் பிளரும் பெரிதாகத் தெரிகிறது. கஜலட்சுமியை அழிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்து 85 வாங்குவது வீண் செலவு. (அழிப்பானேன் என்பது தனிக் கேள்வி. அந்த வீட்டில் வைத்து எடுத்துவிட்டு, எந்தக் கல்யாண மண்டபத்திலும் எடுத்திருக்கக் கூடிய படத்தைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வளவில் ஆட்களை எடுக்க எஃப்/4, எஃப்/5.6 போதும், எஃப்/1.4-ஐ மின்சாரம் போன நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.)

கழுத்திருவை (நகரத்தார் திருமணத்தில் பெண் அணியும் பெரிய தங்கத் தாலி) நெருங்கி எடுக்கும்போது கணக்கே மாறிவிடும். உண்மை அளவில் கால்பங்காகச் சென்சாரில் விழும்படி எடுத்தால், எஃப்/2.8-இல் டெப்த் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். எஃப்/8-இல்கூட ஒரு செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. தங்க உருப்படிகள் மார்பின் வளைவோடு சாய்ந்து கிடக்கும். எஃப்/11-க்கு மூடுவதைவிட, உருப்படிகள் எந்தச் சாய்வில் கிடக்கின்றனவோ அதே சாய்வுக்குக் கேமராவின் பின்புறத்தைக் கொண்டுவருவது அதிகப் பலன் தரும். ஃபைண்டரில் இதைச் சரிபார்க்க, முதல் உருப்படியையும் கடைசி உருப்படியையும் மாறி மாறி 10 மடங்கில் பெரிதாக்கிப் பாருங்கள். மூச்சு விடும்போதே ஃபோகஸ் நகரும் என்பதால் ஐந்தாறு ஷாட் தேவைப்படும்.

மேலே சொன்ன 0.03 மி.மீ. எல்லை, 8×10 அங்குலப் பிரின்டை ஒரு சாண் தள்ளிப் பார்ப்பதற்கு வைத்த எல்லை. கல்யாண ஆல்பம் 12×36 அங்குல விரிப்பு. ஒரு படம் பாதி விரிப்பை, அதாவது 12×18-ஐ நிறைத்தால் 36 மி.மீ. படம் ஏறக்குறைய 12.7 மடங்கு பெரிதாகிறது. அந்தப் பக்கத்தை வீட்டார் மூக்கோடு ஒட்டித்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் கூர்மையாகத் தெரிய எல்லையைப் பாதியாக்க வேண்டும், இரண்டு ஸ்டாப் கூடுதலாக மூட வேண்டும். எஃப்/4 போதும் என்று கணக்கு சொன்னால் எஃப்/8 வையுங்கள். ஃபைண்டரில் இந்த வித்தியாசம் துளியும் தெரியாது. கேனான் 1500டி போன்ற உடல்களின் சின்ன ஃபைண்டரில் சுத்தமாகத் தெரியாது. பிம்பம் சிறுத்தால் எல்லாமே கூர்மைதான்.

பழம்பொருள் கடையில் யாஷிகா மேட் 124ஜி மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பார்க்கும் லென்ஸ் 80 மி.மீ. எஃப்/2.8, எடுக்கும் லென்ஸ் எஃப்/3.5. பார்க்கும் லென்ஸ் மூடவே மூடாது. மேலிருந்து குனிந்து பார்க்கும்போது தெரியும் அழகான பிளர் எப்போதும் எஃப்/2.8-க்குரியது, படத்தில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். லென்ஸ் வழியே பார்க்காத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பிளரே தெரியாது. இரண்டிலும் பொறித்திருக்கும் டெப்த் அளவுக்கோட்டைப் படித்து, அதிலும் இரண்டு ஸ்டாப் கழித்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியில் அதே விட்டக் கணக்கைப் போட்டால், முக்கியக் கேமராவின் துளையே மூன்று நாலு மில்லிமீட்டர்தான். போர்ட்ரெயிட் மோடில் திரையில் தெரியும் பிளரில் பெரும்பங்கு மென்பொருள் வரைந்தது. மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் ஜிமிக்கியின் இடுக்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிசகு அங்கேதான் வரும்.

சிறாவயல் மஞ்சுவிரட்டு மாதிரி தூரத்து வேலையில் 200 மி.மீ. எஃப்/2.8 வைத்திருப்பவர்கள் கூட்டம் முழுதும் கரைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். துளை விட்டம் 71 மி.மீ. மாடு 30 மீட்டரில், கூட்டம் 60 மீட்டரில் என்றால் வட்டமும் 71 மி.மீ.தான், ஆட்கள் ஆட்களாகவே இருப்பார்கள், சட்டை நிறம் எல்லாம் தெரியும். மாட்டைச் சுற்றி டெப்த் ஏறக்குறைய நாலு மீட்டர், அதனால் மாடு முழுதும் கூர்மை. மாடு 15 மீட்டருக்கு வரட்டும்: வட்டம் 21 செ.மீ. ஆகும், ஒரு தலையின் அளவு. கூட்டம் நிறமாகக் கரையும். ஆனால் டெப்த் ஒரு மீட்டருக்குள் சுருங்கிவிடும். கொம்பில் ஃபோகஸ் வைத்தால் திமில் வரைக்கும் வரும், வால் வராது. எஃப்/2.8 ஸ்கிரீனின் எல்லைக்கு உட்பட்டது என்பதால் ஆப்டிகல் ஃபைண்டரிலும் இந்தக் கரைசல் கிட்டத்தட்ட உள்ளபடியே தெரியும். கூட்டம் கரையவில்லை என்று தெரிந்தால் டயலைத் தொட்டுப் பயனில்லை; மாடு நெருங்கும்வரை காத்திருங்கள், அல்லது பின்னால் ஆளில்லாத பக்கமாக இடம் மாறுங்கள்.